தெலீது சாமியும் கோவிந்தன் தலைமுடியும்

அந்த ஆள் எங்கள் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, நோட்டை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினார். மைப் பென்சில். நாக்கு நுனி ஊதா நிறமாகியிருந்தது. அவர் முகம் மறந்துவிட்டது, பேர் மறந்துவிட்டது. அந்த ஊதா நாக்கு மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

“வீட்ல எத்தினி பேரும்மா?”

“மூணு பேரு. நானு, அவரு, புள்ள.”

“இன்னா பாஷை பேசறீங்க?”

“தமிழுதான். சந்தைக்குப் போனா தெலுங்கு.”

“சந்தைய உடும்மா. வீட்ல?”

“தமிழு.”

எழுதிக்கொண்டார். பிறகு ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோவிந்தனைப் பென்சிலால் காட்டினார். “பொண்ணுக்கு இன்னா வயசு?”

“பொண்ணில்ல. பையன். அஞ்சு ஓடுது.”

கோவிந்தனுக்கு அப்போது இடுப்புவரை முடி. இரட்டைப் பின்னல் போட்டு, கறுப்பு நாடா கட்டியிருந்தேன்.

“திருப்பதி வேண்டுதலா?”

“ஆமாம்.”

“சரி, பையன் இன்னா பேசறான்?”

“தமிழு” என்றேன்.

அவர் சும்மா போயிருக்கலாம். குழந்தை என்றால் ஆசை போலிருக்கிறது. குனிந்து, “இன்னாடா பேரு உனக்கு?” என்று கேட்டார். கோவிந்தன் அவருடைய ஊதா நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் நாக்கை நீட்டினான். அவர் சிரித்துவிட்டார்.

“இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கான். புது ஆளுன்னா வெக்கம்” என்றேன்.

அது பொய். அந்த நோட்டில் கோவிந்தன் பேருக்கு நேராகத் தமிழ் என்று ஏறிவிட்டது. என் மகன் அதுவரை எந்த பாஷையிலும் ஒரு சொல் பேசியதில்லை.

நோட்டுப் புத்தகக் காலம்

அந்தச் சமயத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் எல்லை முடிவாகவில்லை. திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். புத்தூருக்கு இரண்டு மைல் தள்ளி எங்கள் ஊர். தமிழ்ப் பக்கத்தார் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள், தெலுங்குப் பக்கத்தார் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். வீடு வீடாக என்ன பாஷை என்று கேட்டு எழுதுவார்கள். இது சர்க்கார் கணக்கு இல்லை, அவரவர் கட்சிக்கு அவரவர் போட்ட கணக்கு.

எங்கள் தெருவில் எல்லாருக்கும் இது வேடிக்கை. எனக்கு மட்டும் இல்லை. எனக்கு ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் ஒன்றுதான். கோவிந்தன் பேரில் வந்து பென்சில் நிற்குமே, அதுதான் பயம்.

என் படிப்பு நின்ற கதை

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், “எல்லாவற்றுக்குமா பயப்படுவீர்கள்?” என்று.

ஆமாம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான். ஆறாவதுக்குப் புத்தூர் போகவேண்டும். வழியில் ரயில் தண்டவாளம். நான் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயில் வந்தால்? வராது என்று நைனா சொன்னார். வந்தால்? கேட்டைப் போடுவார்கள் என்றார். கேட்காரர் தூங்கிவிட்டால்? மூன்று நாள் இப்படிக் கேட்டேன். நாலாம் நாள் நைனா, “பயந்தா போவாத, உடு” என்றார். அவ்வளவுதான் என் படிப்பு. இப்போது இதை எழுதும்போதுகூட எழுத்துப் பிழைக்காக யாராவது சிரிப்பார்களோ என்று இரண்டு முறை கிழித்துப் போட்டேன்.

கல்யாணம் ஆனபிறகு பயத்துக்கு நிறைய வேலை கிடைத்தது. அவர் புத்தூரில் கடலை எண்ணெய் மில்லில் வேலை செய்தார். மில் பெல்ட்டில் அவர் துண்டு மாட்டிக்கொள்வதாக நான் பகலிலேயே கனவு காண்பேன். சாயந்திரம் எண்ணெய் வாசனையோடு வந்து நின்றதும்தான் மூச்சு வரும். மறுநாள் காலை திரும்பவும் பிடித்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவளுக்குப் பிள்ளை பிறந்தால் எப்படி இருக்கும்.

நானே போட்ட முடிச்சு

எங்கள் பக்கம் முதல் முடியைத் திருமலையில்தான் இறக்குவோம். ஒன்றாவது வருஷம், இல்லை மூன்றாவது, இல்லை ஐந்தாவது. அதுவரை கத்தி படக்கூடாது. எல்லாரும், பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நாளைப் பார்த்துப் போய் இறக்கிவிட்டு வருவார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோவிந்தனுக்கு இரண்டு வயசு நெருங்கும்போது, தெருவில் அவனுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அம்மா என்றன, அத்தை என்றன, சோறு என்றன. இவன் வாயைத் திறந்தால் ஆ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்: “இவன் வாயால என்னை அம்மான்னு ஒரு வாட்டி கூப்பிடட்டும். கூப்பிட்ட மறுநாளே மலைக்கு வந்து முடி இறக்கறேன்.”

சொல்லும்போது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. பிறகுதான் புரிந்தது, அவன் கூப்பிடாவிட்டால் முடியை வெட்ட வழியில்லை என்று.

மூன்று வயசு ஆனது. நாலு ஆனது. முடி தோளுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. பேன் பிடித்தது. வெயில் காலத்தில் பிடரியில் புண் வந்தது. விளக்கெண்ணெய் வைத்துச் சீவினால் கத்துவான், சீவாவிட்டால் சடை பிடிக்கும். தெருப் பிள்ளைகள் “கோயிந்தம்மா, கோயிந்தம்மா” என்று பின்னலைப் பிடித்து இழுப்பார்கள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். இழுத்த பிறகுதான் திரும்புவான். கூப்பிட்டபோது திரும்பமாட்டான்.

“கத்திரிச்சிடலாமே தனம்” என்று அவர் ஒருநாள் சொன்னார். “சாமி குத்தம் ஆயிடும்” என்றேன்.

புத்தூர்ப் பக்கத்தில் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுக் கட்டும் வைத்தியர்கள் உண்டு. எங்கெங்கிருந்தோ வருவார்கள். அதில் ஒருவரிடம் நான் கோவிந்தனைத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் கை உடைந்தவன், கால் உடைந்தவன் நடுவில் நான். என் முறை வந்ததும் அவர், “எங்க அடி?” என்றார். “பேச்சு வரலீங்க” என்றேன். அவர் கட்டுத் துணியைக் கீழே வைத்தார். “நாக்குல எலும்பு இல்லம்மா. நான் எதைச் சேத்துக் கட்டட்டும்?” என்றார். வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “சித்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டும்மா” என்றார்.

சித்தூர் பஸ்ஸில் இரண்டு முறை ஏறி உட்கார்ந்தேன். இரண்டு முறையும் பஸ் புறப்படுவதற்குள் இறங்கிவிட்டேன். அங்கே யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சத்தம் போட்ட ரயிலடி

நோட்டுக்காரர் வந்து போன அடுத்த வாரம் என் நாத்தனார் சம்பூர்ணம் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினாள். அவள் திருப்பதியில் இருந்தாள். புருஷன் ஒரு சத்திரத்தில் சமையல். ‘இங்க ஒரு சாமி கீறாரு. பையனை எடுத்துக்கினு வா. அண்ணனுக்கு லீவு கிடைக்காட்டி நீயே வா. ரயில் உன்னைத் துன்னுடாது.’

அவர் என்னையும் கோவிந்தனையும் புத்தூரில் ரயில் ஏற்றிவிட்டார். ரேணிகுண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஸ்டேஷனில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. எதிர்த்தாற்போல் இன்னொரு கூட்டம். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக் கத்தின. ஊர்ப் பெயர்ப் பலகையில் யாரோ தாரைப் பூசியிருந்தார்கள், வெயிலில் அது உருகி வழிந்து நாறிக்கொண்டிருந்தது.

பெட்டியில் இருந்த குழந்தைகள் எல்லாம் பயந்து அழுதன. கோவிந்தன் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வாய்களை வேடிக்கை பார்த்தான்.

“தைரியசாலிப் பையன்” என்றார் எதிரில் இருந்தவர்.

நான் தலையை ஆட்டினேன். அந்த வார்த்தையையும் என் மூட்டையில் போட்டு முடிந்துகொண்டேன். இப்படி நிறைய வைத்திருந்தேன். வெட்கக்காரன், பிடிவாதக்காரன், தூக்கம் ஆழம், தைரியசாலி.

லாயத்தில்

சாமி என்றதும் நான் என்னவோ நினைத்துக்கொண்டு போனேன். சம்பூர்ணம் கூட்டிக்கொண்டு போன இடம் ஒரு குதிரை லாயம். ஸ்டேஷனுக்குப் பின்னால், ஜட்கா வண்டிகள் நிற்கிற சந்துக்குள். சாணி நாற்றம், ஊறிய கொள்ளு வாசனை, ஈ.

காக்கி அரை நிஜார் போட்ட ஒருவர் சுருட்டைப் பல்லில் கடித்தபடி குதிரைக்குத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயசு கூட இருந்தால் அதிகம். நெற்றியில் ஒன்றுமில்லை. சுவரில் ஒரு சாமி படம்கூட இல்லை, பழைய கழுத்து மணிகள் மட்டும் தொங்கின.

“சாமி எங்க?” என்று சம்பூர்ணத்தின் காதில் கேட்டேன்.

“அவருதான்.”

“சுருட்டுப் புடிக்கிறாரு.”

“நீ பாத்தது மாதிரியே நானும் மொதல்ல பாத்தேன். குந்து அண்ணி.”

ஏழெட்டுப் பேர் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பல வருஷம் ஜட்கா ஓட்டியவர் அவர். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜனங்களை ஏற்றிப் போய், இறங்கி வந்தவர்களை ஏற்றி வந்தவர். குதிரைக்குக் கண் போனதும் வண்டியை விற்றுவிட்டார். குதிரையை விற்கவில்லை. எப்போதிலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள் என்று சம்பூர்ணத்துக்கும் தெரியாது. மந்திரம் கிடையாது, விபூதி கிடையாது. வருகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பார். எதைக் கேட்டாலும் தெலுங்கில் ‘தெலீது’ என்பார், தெரியாது என்று. அதனால் தெலீது சாமி.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கேட்டார். “சாமி, இந்த ஊரு கடைசியா நமக்கா, அவங்களுக்கா?”

“தெலீது.”

“நாளைக்கு ரயிலாவது ஓடுமா?”

“தெலீது. அந்தப் புல்லுக்கட்டை இப்படித் தள்ளு. யாரு ராஜ்யமானாலும் இதுக்குப் பசிக்கும்.”

“மலைக்குத் தெனம் ஆளை ஏத்திக்கினு போனீங்களே, நீங்க ஒரு வாட்டியாவது மேல போனீங்களா?”

“குதிரைய யாரு பாத்துக்குவாங்க? அவரு எறங்கி வரட்டும். வந்தா ஸ்டேஷன் வரைக்கும் சும்மா உடறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருமாளைப் பற்றி இப்படிப் பேசலாமா, அதைக் கேட்ட பாவம் நம் பிள்ளைமேல் விழுந்தால் என்ன என்று ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விடலாம் என்று சம்பூர்ணத்தின் கையை இழுத்தேன். அதற்குள் கோவிந்தன் குதிரையின் காலடிக்குப் போய்விட்டான்.

நான் கத்தினேன். குதிரையின் காது என் பக்கம் திரும்பியது. கோவிந்தன் திரும்பவில்லை.

சாமி அவனைத் தூக்கி ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார வைத்தார். பின்னலைப் பிரித்தார். குதிரைப் பிடரியைச் சீவுகிற சீப்பை எடுத்து, முடியின் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். நான் வேரிலிருந்து சீவுவேன். அதனால்தான் கத்துவான். அவரிடம் அவன் கத்தவில்லை.

“சாமி, இவனுக்குப் பேச்சு எப்ப வரும்?”

“தெலீது.”

“வருமா?”

“தெலீது அம்மா.”

அப்போது ஒரு காக்கைக் கூட்டம் கொள்ளுத் தொட்டியில் இறங்கியது. சாமி சீப்பை வைத்துவிட்டு எழுந்தார். முதலில் குருட்டுக் குதிரையின் கழுத்தில் இடது கையை வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு, வலது கையால் சவுக்கை எடுத்துக் காற்றில் சொடுக்கினார். வெடி வெடித்த மாதிரி. சம்பூர்ணம் “அய்யோ” என்று என்மேல் சாய்ந்தாள். காக்கைகள் எழும்பின. குதிரையின் இரண்டு காதும் விறைத்தன.

சவுக்கு சொடுக்கிய இடத்துக்கு இரண்டு முழத்தில் உட்கார்ந்திருந்த கோவிந்தன், சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். இமைகூட ஆடவில்லை.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

சாமி என் பக்கத்தில் வந்து குந்தினார். தமிழில்தான் சொன்னார், மெதுவாக: “இது உனக்குத் தெரியும்மா.”

தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும். அவன் எட்டு மாசக் குழந்தையாக இருந்தபோது, பின்னால் பித்தளைச் சொம்பு விழுந்தது. அவன் திரும்பவில்லை. நான் அந்தச் சொம்பைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பெருமாளிடம்கூடக் காது வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் அது நிஜமாகிவிடுமே. அதனால் பேச்சைக் கேட்டேன்.

“அப்ப நான் இன்னா பண்றது?” என்றேன்.

“தெலீது.”

“இன்னா சாமி, எல்லாத்துக்கும் தெலீது தெலீதுன்னா, நான் எங்க போய் முட்டிக்கட்டும்?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சுருட்டு அணைந்திருந்தது, அதைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். “என் வண்டியில ஏறி மலைக்குப் போறவங்க பூரா வழியும் பேரம் பேசிக்கினே போவாங்க. நீ இதைக் குடு, நான் அதைக் குடுக்கறேன்னு. திரும்பி வரும்போது பாப்பேன். மொட்டை மட்டுந்தான் புதுசு. மூஞ்சி போனப்ப இருந்ததேதான்.”

பிறகு குதிரையைக் காட்டினார். “இதுக்குக் கண்ணு போன பிற்பாடு எனக்கும் பயந்தான். இப்பவும் பயந்தான். கிட்டப் போனா மிரண்டு உதைக்கும். ஒருநாளு மொதல்ல கழுத்துல கைய வெச்சுக்கினு கிட்டப் போனேன், நின்னுச்சு. அதுக்கு எது தெரியுதோ அதுல சொல்றேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெலீது.”

அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்னது. என்னை ஆசீர்வாதம் பண்ணவில்லை. குதிரையின் தண்ணீர் வாளியைக் காட்டிக் கழுவச் சொன்னார். கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளியே வந்ததும் சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நல்லது சொல்லுவாருன்னு கூட்டியாந்தேன் அண்ணி. என்னைச் செருப்பால அடி” என்றாள்.

“நாளைக்கு மலைக்குப் போவலாம்” என்றேன்.

“இன்னும் அம்மான்னு கூப்பிடலியே.”

“கூப்பிடமாட்டான்.”

கத்திக்கு முன்னால்

மறுநாள் காலை பஸ்ஸில் மேலே போனோம். முடி இறக்குகிற இடத்தில் தரையெல்லாம் தண்ணீர். ஈர முடி காலில் ஒட்டியது. வரிசை வரிசையாகக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன, தாய்மார்கள் “ஒண்ணுமில்லடா கண்ணு, ஆச்சு ஆச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கோவிந்தன் கத்தியைப் பார்த்தான். அவ்வளவுதான். திமிறினான், கடித்தான், ஈரத் தரையில் புரண்டான். அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசை நின்றுவிட்டது.

“பையனைப் பிடிம்மா, கத்தி பட்டுடும்” என்றார் முடி இறக்குகிறவர். “ஏதாவது சொல்லிச் சமாதானம் பண்ணு.”

நான் என்ன சொல்ல? ஒண்ணுமில்லடா கண்ணு என்று எந்த வழியாகச் சொல்ல? ஐந்து வருஷமாக நான் அவனிடம் பேசிய பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் நினைத்தேன். தாலாட்டு, கொஞ்சல், திட்டு, எதுவும் அவனைப் போய்ச் சேரவில்லை. தரையில் கிடந்து என்னைப் பார்க்கிற அந்தக் கண் மட்டும்தான் இருந்தது.

நான் கொண்டையை அவிழ்த்துவிட்டு, பலகையில் உட்கார்ந்தேன்.

“எனக்கு மொதல்ல போடுங்க.”

சம்பூர்ணம் ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். “அண்ணி, உனக்குப் பைத்தியமா? புருஷன் கல்லு மாதிரி கீறாரு. எங்க வூட்ல கட்டுன பொம்பளைங்க மொட்டை அடிக்கறதில்ல. மூணு கத்திரி வெச்சு நுனியக் குடுத்தாப் போதும். அண்ணன் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?”

“தெரியாதுன்னு சொல்லு.”

தண்ணீர் தெளித்தார்கள். ஜில்லென்றது. நெற்றியிலிருந்து கத்தி பின்னால் போனது. எனக்குப் பயம், ஆனால் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டேன். கோவிந்தன் புரள்வதை நிறுத்தினான். எழுந்து உட்கார்ந்தான். என் முடி மடியில் விழ விழப் பார்த்தான். முடிந்ததும் கிட்டே வந்து, உள்ளங்கையை என் மண்டையில் வைத்து, முன்னிருந்து பின்னுக்கு ஒரு தடவு தடவினான். ரத்தம் இருக்கிறதா என்று கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு தானே பலகையில் ஏறி உட்கார்ந்தான்.

இரண்டு பின்னலும் கீழே விழுந்தபோது அந்த ஆள் கேட்டார், “வேண்டுதல் பலிச்சிடுச்சாம்மா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“தெரியாது” என்றேன்.

தலையில் சந்தனம் பூசிக்கொண்டு உள்ளே போனோம். பெருமாளைப் பார்த்தேன். எதையும் கேட்கவில்லை. பாரம் இறங்கும், கண்ணீர் வரும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கூட்டம் தள்ளியது, வெளியே வந்துவிட்டோம். வெயிலில் கோவிந்தனின் மண்டை வெளுத்து, பழைய புண் தழும்புகளோடு, முட்டை ஓடு மாதிரி இருந்தது.

இரண்டாவது நோட்டு

புத்தூர் ஸ்டேஷனில் அவர் எங்களைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வீடு வரும்வரை கோவிந்தனைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னாலேயே நடந்தார். ஏன் என்று நான் சொல்லவில்லை. தெருவில் பெண்கள் என் முக்காட்டை விலக்கிப் பார்க்காத குறை. அவர் முன்னால் நடக்கும்போதே, தாலி இருக்கிறதா என்று கழுத்தைப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் ஞாயிறு. அவர் வீட்டில் இருந்தார். அன்றைக்குத் தெலுங்குக் கட்சியின் நோட்டு வந்தது. இவர் பேனாக்காரர், தெலுங்கில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். என் வீட்டுக்காரர், நான் என்று எழுதி முடித்துவிட்டு, “பையன்?” என்றார்.

கோவிந்தன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பேனாக்காரர் தன்னைப் பார்ப்பதைப் பார்த்ததும், அவன் என்னைச் சுட்டிக் காட்டினான். பிறகு தன் உள்ளங்கையைத் தன் மண்டைமேல் வைத்து, முன்னிருந்து பின்னுக்கு ஒரு தடவு தடவினான். திரும்பவும் என்னைக் காட்டினான். திரும்பவும் தடவினான்.

“இன்னா சொல்றான்?” என்று கேட்டார் பேனாக்காரர்.

“அவனுக்குக் காது கேக்காதுங்க. பேச்சும் வராது. அப்படியே எழுதிக்கோங்க.”

முதல்தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியும் தனம்” என்றார். “உனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். சொன்னா நீ தாங்கமாட்டியேன்னு.”

எத்தனை வருஷம். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே விஷயத்தை, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் மறைத்துக்கொண்டு.

பேனாக்காரர் பேனாவை மூடினார், திறந்தார். என்ன எழுதுவது என்று அவருக்குப் புரியவில்லை. கோவிந்தன் பேருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

கடைசியாக

நாலைந்து மாசம் கழித்து லாயத்துக்குப் போனேன். கோவிந்தனைக் காட்டவேண்டும், என் தலையைக் காட்டவேண்டும் என்று ஆசை. லாயம் காலி. மணிகள்கூட இல்லை. டீக்கடைக்காரரைக் கேட்டேன். “குதிரை செத்துப்போச்சும்மா. மறுநாளே ஆளைக் காணோம்.” எங்கே போனார் என்று கேட்டேன். “தெலீது” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. சித்தூர் ஆஸ்பத்திரிக்கும் போனோம், அங்கே சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் மார்வலியில் போனார். பாடையைத் தூக்குவதற்கு முன்னாலேயே ஒருத்தி சொன்னாள், “அன்னிக்கே மொட்டை அடிச்சுக்கினு வந்தாளே” என்று. அது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

சாமியிடம் நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பயந்துகொண்டே கையை வைப்பது.

கோவிந்தன் இப்போது பெரிய ஆள். அவனுக்கே முடி நரைத்துவிட்டது. காலையில் எழுந்ததும் நான் எங்கே என்று தேடுவான். கொல்லையில் இருந்தால் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் போய்க் கேட்பான். உள்ளங்கையைத் தன் தலையில் வைத்து முன்னிருந்து பின்னுக்கு ஒரு தடவு. என் தலையில் முடி வளர்ந்து, நரைத்து, கொட்டியும் போய்விட்டது. அவனுக்கு நான் இன்னும் அதுதான்.

அந்தப் பெண்ணுக்கு அது புரியாது. தலைவலி போல என்று நினைத்துத் தைலத்தை எடுத்துக்கொண்டு வருவாள்.

அந்தச் சொல் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். அவர் போனபிறகு இரண்டு பேர். எனக்கும் இப்போது இரண்டு காலும் வீங்குகிறது. நான் போன மறுநாள் காலையில் அவன் எழுந்து, வாசலில் நின்று, போகிற வருகிறவர்களைப் பார்த்துத் தலையைத் தடவிக் காட்டிக்கொண்டிருப்பான்.

அவன் யாரைக் கேட்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது.